ரெண்டு நிமிஷத்துக்கு வெட்டின கதை

மர்ஷூதாவுக்கு றோசலினில பொறாமை.

ஒரு பொம்பிளைக்கு இன்னொரு பொம்பிளையில எரிச்சல் வாறதுக்கு ஊரில ஆயிரம் காரணம் இருக்கு. கழுத்தில சங்கிலி கிடக்கும், வீட்டுக்கு மாபிள் பதிச்சிருக்கும், மகன் கட்டாரில இருந்து பார்சல் அனுப்புவான். இதில ஒண்டும் றோசலினிட்ட இல்லை. கற்பிட்டிப் பக்கம் கண்டக்குழிக் கடற்கரையில புதுசா முளைச்ச லொட்ஜ் ஒண்டில வெள்ளைக்காரர் படுத்தெழும்பின விரிப்புகளைத் தோய்ச்சுக் காயப்போடுறவள் அவள். மர்ஷூதாட எரிச்சல் எதில எண்டா, றோசலின்ட புருஷன் காணாமப் போனதில. அநியாயம் எண்டு காதைப் பொத்தாதேங்க. முழுக்கக் கேட்டிட்டு ஏசுங்க, நானும் சேர்ந்து ஏசுறன்.

மர்ஷூதாவுக்கு இப்ப அம்பத்தொரு வயசு. பிறந்தது மன்னார்த் தீவில எருக்கலம்பிட்டி. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில, அவளுக்குப் பதினாறு வயசா இருக்கக்குள்ள, சோனகச் சனம், முஸ்லிமாக்கள் முழுக்க, ஊரை விட்டுப் போகணும் எண்டு ஆயுதம் தூக்கின தமிழ் இயக்கம் ஒலிபெருக்கி கட்டிச் சொன்னது. வாப்பாட தையல் மெசினும் ஆடுகளும் அங்கயே நிண்டுது. மழைக்குள்ள வள்ளத்தில ஏறிக் கடலால வந்து கற்பிட்டிக் கரையில இறங்கின அந்தக் குமர்ப்பிள்ளைதான், இண்டைக்கு விடியக்கருக்கலில இடியப்பம் அவிச்சு லொட்ஜ் வேலைக்காரருக்கு விக்கிற மர்ஷூதா. பதினொரு வருஷம் அகதி முகாமில, ஓலைக் கொட்டிலில இருந்தாள். பிறகு பத்துப் பேர்ச்சஸ் காணியில ஒரு சின்ன வீடு. புருஷன் பதுர்தீன் களப்பில வலை போடுறவர், அதிகம் கதையாத மனுஷன். வீட்டில கதைக்கிற தன்ட பங்கையும் பொஞ்சாதிக்கே எழுதிக் குடுத்திட்டார்.

கதைக்கிறதுதான் அவளுக்குக் கைவந்த தொழில். முகாமுக்கு முதல்முதல் ஒரு வெள்ளைக்காரி வந்து என்ன நடந்தது எண்டு கேட்ட நேரம், பெரியவங்க எல்லாம் தலையைச் சொறிஞ்சுகொண்டு நிக்க, ஓஎல் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்த மர்ஷூதாதான் முன்னுக்கு வந்து சொன்னாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் எண்டது சும்மாவா. அண்டையிலேந்து முகாமுக்கு எந்த ஜீப் வந்தாலும் "மர்ஷூதாவக் கூப்பிடுங்க" எண்டுதான் சத்தம் கேக்கும். போகப் போக அவள் கதையை அளவுக்கு வெட்டப் பழகிட்டாள். அரை மணித்தியாலக் கதை ஒண்டு, பத்து நிமிஷக் கதை ஒண்டு, ஜீப் ஸ்டார்ட்டில நிக்கக்குள்ள ஜன்னலால சொல்ற கதை ஒண்டு.

நீளத்தை மட்டும் வெட்டினா அது பெரிய வித்தை இல்லை. நாட்டுக்கு நாடு வெட்டணும். மனித உரிமை எண்டு எல்லா நாட்டாரும் ஒரே சொல்லைத்தான் கொண்டு வந்தாங்க, ஆனா அந்தச் சொல்லுக்குள்ள ஆளுக்கொரு சாமான் வச்சிருந்தாங்க. நோர்வேயிலேந்து வந்தவங்களுக்கு வோட்டு இல்லாமப் போனதும் வாய் திறக்க ஏலாமப் போனதும் வேணும். குடிக்கத் தண்ணி இல்லை எண்டா பாவம் எண்டு தலையாட்டுவாங்க, எழுதமாட்டாங்க. அரபு நாட்டாருக்குப் பள்ளிவாசல் பூட்டின கதை வேணும். தண்ணி இல்லை எண்டு அவங்களிட்டச் சொன்னா மற்ற மாசம் கிணறு. ஜெர்மனியிலேந்து ஒரு தொழிலாளர் கூட்டம் வந்துது, அவங்க இவள் என்ன சாதி, என்ன சமயம் எண்டே கேக்கல்ல. வெங்காயத் தோட்டத்தில நாள் கூலி எவ்வளவு, தோட்டக்காரனிட்ட எத்தனை ஏக்கர் எண்டுதான் துருவினாங்க. றோட்டு வேலைக்கு வந்த சீனாக்காரர் ஒருத்தர் இடியப்பம் வாங்கிக்கொண்டே, மொழிபெயர்க்கிறவரை வச்சுக் கேட்டார்: வீடு இருக்கா, கரண்ட் இருக்கா, பிள்ளை ஸ்கூல் போகுதா, அப்ப உரிமை இருக்குத்தானே. கொழும்பிலேந்து கொடி கட்டிக்கொண்டு வந்த ஒரு கூட்டத்துக்கு இயக்கம் செய்தது மட்டும் வேணும். பதினொரு வருஷம் ஓலைக் கொட்டிலில கக்கூஸ் இல்லாம இருந்தது வேணாம்.

அவள் பொய் சொல்லல்ல. இதை நீங்க நம்பணும். ஒரு சொல்லுக் கூட்டினதில்லை, குறைச்சதுதான். கடைசி நாள் உம்மாட காதுத் தோட்டை ஒளிச்சு வச்சுப் பிறகு ஆள் மூலம் குடுத்தனுப்பின ஒரு தமிழ் டீச்சர் இருந்தாங்க. அரபு நாட்டார் வந்தா டீச்சர் இல்லை. ஜெர்மன்காரர் வந்தா டீச்சர் முன்னுக்கு, பள்ளிவாசல் இல்லை. வந்த புதுசில சோறாக்கித் தந்த கற்பிட்டிச் சனமும், பிறகு தண்ணிப் பைப்படியில "அகதிக்குப் பிறகுதான்" எண்டு வாளியைத் தள்ளின கற்பிட்டிச் சனமும் ஒரு கதையில ஒண்டா வந்ததே கிடையாது. வெட்டின துண்டெல்லாம் எங்க போச்சு எண்டு ஒருத்தரும் கேக்கல்ல. அவளும் தேடல்ல.

இப்பிடி உலகத்துக்கெல்லாம் கதை சொன்னவளுக்கு ஒரே ஒரு இடம்தான் எட்டல்ல. ஜெனீவா. அங்க ஒரு பெரிய மண்டபத்தில நாடுகள் கூடி இலங்கையைப் பத்திக் கதைக்கிறதை டிவியில பாப்பாள். தொண்ணூறாம் ஆண்டு எண்டு ஆராவது ஒருத்தர் சொல்லுவாங்களா எண்டு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். சொல்லமாட்டாங்க. "எருக்கலம்பிட்டி எண்ட பேர் அந்த மண்டபத்தில ஒருக்கா விழணும், அதுக்குப் பிறகு நான் மவுத்தானாலும் பரவாயில்ல" எண்டு புருஷனிட்டச் சொல்லுவாள். பதுர்தீன் வலையில பிடிச்ச கையை எடுக்காம, "சம்பலுக்கு உப்புக் காணாது" எண்பார்.

இந்த ஆசையோட இருந்தவள்ட அடுத்த ஒழுங்கைக்குத்தான் றோசலின் வந்து சேர்ந்தாள், ரெண்டாயிரத்துப் பதினொண்டில. முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்கரைக்காரி, வேதக்காரி, மர்ஷூதாவ விட ரெண்டு வயசு இளையவள். கண்டக்குழியில கலியாணம் கட்டியிருந்த தமக்கையிட்ட, சின்ன மகன் ஒருத்தனோட வந்தாள். வந்த முதல் நாள் சுடச்சுட இடியப்பம் குடுத்தவளே மர்ஷூதாதான். அதை மறைக்கக்கூடாது. லொட்ஜ் வேலைக்கு ஆள் தேடுறாங்க எண்டு கூட்டிக்கொண்டு போய் விட்டவளும் அவள்தான்.

பிறகு ஜீப்புகள் வந்துது. மர்ஷூதாட கேற்றடியில நிண்டு பழகின ஜீப்புகள், இப்ப அவள்ட கேற்றைத் தாண்டிப் போய் அடுத்த ஒழுங்கையில நிண்டுது. வந்தவங்களை இருத்த றோசலின் வீட்டில கதிரை இல்லை. மர்ஷூதா விருந்தாளிகளுக்கெண்டே ஆறு பிளாஸ்டிக் கதிரை வாங்கி, உறை போட்டு வச்சிருந்தாள். றோசலின்ட தமக்கை வந்து, "மர்ஷூதாக்கா, கதிரையள் ஒருக்காத் தாறியளோ" எண்டு கேட்டாள். குடுக்காம விடேலுமா. தன்ட கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய், தன்னைப் பாக்க வராதவங்களை இருத்திட்டு, வேலியோட நிண்டாள் மர்ஷூதா. ஒரு வெள்ளைக்காரி எழும்பி றோசலினைக் கட்டிப்பிடிச்சு அழுதாள். எனக்கு இத்தனை வருஷம் கைதானே குடுத்தாங்க, ஒருத்தராவது கட்டிப்பிடிச்சாங்களா எண்டு அண்டைக்குப் பிடிச்ச வயித்தெரிச்சல், அதுக்குப் பிறகு அணையவே இல்லை.

றோசலினிட்ட ஒரு படமிருந்துது. அன்ரனி, அவள்ட புருஷன், ஒரு ஞானஸ்நான வீட்டில வெள்ளைச் சேட்டோட நிக்கிற படம். அதை நெஞ்சில வச்சுக்கொண்டு குந்தியிருந்தாப் போதும், வாய் திறக்கவே தேவையில்லை. "எனக்கு எதைப் பிடிக்கிறது? ஒரு ஊரைப் படம் பிடிச்சு நெஞ்சில வைக்கேலுமா?" எண்டு மர்ஷூதா அடுப்படியில புகைவாள். காணாமப் போன ஒரு மனுஷனில போய் எரிச்சல் படுறமே எண்டு வெக்கமும் வரும். வெக்கம் வந்தா எரிச்சல் குறையும் எண்டு நினைக்காதேங்க, கூடும்.

எல்லாத்தையும் விட அவளைக் குடைஞ்சது வேறொண்டு. றோசலினுக்குக் கதை சொல்லத் தெரியாது. ஆர் வந்தாலும், எந்த நாட்டிலேந்து வந்தாலும், ஒரே கதையை ஒரே இடத்தில தொடங்கி ஒரே இடத்தில விக்கி அழுது முடிப்பாள். அதைக் கேட்டவங்க நம்பினாங்க.

கதை இதுதான். ரெண்டாயிரத்தொம்பது தை மாசம் மூத்த பிள்ளை சுஜியை இயக்கம் பிடிச்சுக்கொண்டு போனது. பதினாறு வயசு. கிடங்கு வெட்டி, மேல தகரமும் மண்ணும் போட்டு ஒளிச்சு வச்சும் பிடிச்சிட்டாங்க. வைகாசியில மிச்ச மூண்டு பேரும் கடல்நீரேரியைக் கடந்து ஆமிப் பக்கம் வந்தாங்க. கரையில றோசலினையும் மகனையும் இருத்திட்டு, "பிள்ளையை விட்டிட்டு வந்திட்டம், பாத்துக் கூட்டிக்கொண்டு வாறன்" எண்டு அன்ரனி திரும்பித் தண்ணிக்குள்ள இறங்கினார். ரெண்டு நாளால ஒரு ஊர் மனுஷி கண்டிருக்கிறாள்: சரணடைஞ்சவங்களை ஆமி ஏத்தின பஸ்ஸில அன்ரனியும் சுஜியும் பக்கத்தில பக்கத்தில இருந்தாங்க. அதுக்குப் பிறகு ரெண்டு பேரையும் கண்டவங்க இல்லை. அன்ரனிக்காவது அந்த ஒரு படம் மிஞ்சினது. சுஜிட படம் ஒண்டும் மிஞ்சல்ல.

போன வருஷம் ஆடி மாசம் டெனிஷா வந்தாள். சிலாபத்துப் பிள்ளை, கொழும்பில ஒரு அமைப்பில வேலை, ஸ்கூட்டரில வருவாள். புரட்டாதியில நடக்கிற ஜெனீவாக் கூட்டத்துக்கு இந்தப் பக்கத்திலேந்து ஒரு பொம்பிளை பேசலாம், அங்க போகத் தேவையில்லை, வீடியோ எடுத்து அனுப்பினாக் காணும், ரெண்டே ரெண்டு நிமிஷம் எண்டாள். "உங்களையும் றோசலின் அன்ரியையும்தான் யோசிச்சிருக்கிறம். ஒருத்தரைத்தான் எடுக்கலாம். கொழும்பிலேந்து ரெண்டு பேர் முந்தல் டவுனுக்கு வந்து கேட்டுப் பாத்து முடிவு சொல்லுவாங்க."

மர்ஷூதா தொழில்காரி. முதல் கேள்வியே, "கேக்கிறது எந்த நாட்டுக்காரர்?"

"அங்க ரெண்டு பக்கம் இருக்கு அன்ரி" எண்டாள் டெனிஷா. "ஒரு பக்கம், அரசாங்கம் தன்ட சனத்துக்குச் செய்ததுக்குக் கணக்குக் காட்டணும் எண்டும். மற்றப் பக்கம், ஒரு நாட்டு வீட்டு விஷயத்தில அடுத்தவன் தலையிடக்கூடாது, சோறும் றோட்டும் வந்தா மற்றதெல்லாம் தானா வரும் எண்டும். எங்கட வீடியோவ முதல் பக்கம்தான் கேக்கும்."

மர்ஷூதா அண்டைக்குப் பகல் முழுக்க வாய்க்குள்ள கதை வெட்டினாள். பின்னேரம் கேற்றடியில றோசலின் நிண்டாள்.

"அக்கா, எனக்கு ரெண்டு நிமிசத்தில சொல்ல வராது. அழுகை வந்தா விக்கிப் போடுவன். உங்களுக்குத்தான் இது தெரியும். சொல்லித் தாங்கோ."

பாத்தீங்களா, போட்டிக்கு நிக்கிறவளிட்டயே வந்து கேக்கிறாள். சூது தெரிஞ்சவள் எண்டா மர்ஷூதாவுக்கு ஏசிக் கலைக்க லேசா இருந்திருக்கும். இவள் ஈரக் கையைச் சட்டையில துடைச்சுக்கொண்டு நிக்கிறாள்.

"இரி" எண்டாள் மர்ஷூதா. "நீ எப்பவும் சொல்ற மாதிரிச் சொல்லு. நான் போனில நேரம் பாக்கிறன்."

பதினொரு நிமிஷம், நாப்பது செக்கன்.

"சுஜியை வெட்டணும்."

றோசலின் விளங்காமப் பாத்தாள்.

"கேளு. அங்க அவங்களுக்கு அரசாங்கம் செய்ததுதான் வேணும். நீ வாயைத் திறந்த உடன இயக்கம் பிள்ளையைப் பிடிச்சது எண்டா, மற்றப் பக்கத்து நாட்டுக்காரன் இதைத்தானே நாங்களும் சொல்றம் எண்டு எழும்புவான். பிள்ளைக்குத் தலைமயிர் வெட்டி இயக்க உடுப்பும் போட்டிருந்தது எண்டுறாய். அப்ப போராளி எண்டுவாங்க. போராளியோட சரணடைஞ்சவரும் போராளிதான் எண்டுவாங்க. உன்ட புருஷன்ட விஷயம் நாசமாப் போகும்."

"அவளைத் தேடித்தானே அக்கா அவர் போனவர்."

"அது உனக்கும் எனக்கும் தெரியும். ரெண்டு நிமிஷத்தில அவங்களுக்கு விளங்காது. புருஷனை மட்டும் சொல்லு. கடந்து வந்தம், திரும்பிப் போனார், பஸ்ஸில ஏத்தினாங்க, ஆளில்ல. அவ்வளவுதான்."

மர்ஷூதா சொன்னதில ஒரு சொல்லும் பிழையில்லை. முப்பத்தஞ்சு வருஷ அனுபவம் அப்பிடித்தான் சொல்லும். வேற ஆர் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பாள். ஆனா, கதை வெட்டிப் பழகினவளுக்கு எந்த நூலை இழுத்தா எந்தத் தையல் பிரியும் எண்டு தெரியாதா? சுஜியை எடுத்தா நடுவில ஒரு ஓட்டை விழுது. தப்பி வந்த மனுஷன் ஏன் திரும்பிப் போனான்? அதை மர்ஷூதா அந்த இடத்திலயே கண்டாள். "சொந்தக்காரப் பிள்ளை ஒண்டைத் தேடிப் போனார்" எண்டு ஒரு ஒட்டுப் போட்டிருந்தா ஓட்டை மூடியிருக்கும். ஒட்டு வாய் வரைக்கும் வந்துது. வேலிக்கு அங்கால தன்ட கதிரையில இருந்து றோசலினைக் கட்டிப்பிடிச்ச அந்த வெள்ளைக்காரியும் கூடவே நினைவில வந்தாள். மர்ஷூதா ஒட்டை விழுங்கிட்டாள்.

றோசலின் விரிப்பு காயப்போடுற இடத்தில நிண்டு மூண்டு நாள் பாடமாக்கினாள். முதல் நாள் "சுஜி" எண்டு தொடங்கித் தொடங்கி நிப்பாட்டினாள். மூண்டாம் நாள் நிப்பாட்டல்ல. ஒரு நிமிஷம் அம்பது செக்கன் எண்டு சந்தோஷமா வந்து சொன்னாள்.

முந்தலுக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில போனாங்க. றோசலின் சீனிச் சம்பல் பணிஸ் ரெண்டு கட்டிக்கொண்டு வந்து ஒண்டை மர்ஷூதாவுக்குத் தந்தாள். மர்ஷூதா அதைத் தின்னாமப் பைக்குள்ள வச்சாள்.

ஒரு கடைக்கு மேல மாடியில கூட்டம். கொழும்பிலேந்து பருத்திச் சீலை கட்டின ஒரு அம்மாவும், லப்டொப்போட ஒரு மனுஷரும் வந்திருந்தாங்க. டெனிஷா ஓரத்தில இருந்தாள். முதல்ல றோசலின். படத்தை நெஞ்சில வச்சுக்கொண்டு, அழாம, விக்காம, ஒரு நிமிஷம் அம்பது செக்கனில சொல்லி முடிச்சாள். நல்லாத்தான் சொன்னாள். ஆனா அது அவள்ட குரலில்லை, பாடப் புத்தகம் வாசிச்ச மாதிரி இருந்துது.

"ஒரு விஷயம்" எண்டாங்க அந்த அம்மா. "பாதுகாப்பான பக்கத்துக்கு வந்திட்டார். மனைவி, பிள்ளை எல்லாரும் வந்தாச்சு. பிறகு ஏன் திரும்பிப் போனார்?"

றோசலின் தலையைத் திருப்பினாள். மர்ஷூதாவப் பாத்தாள். சொல்லட்டோ எண்டு கேக்கிற பார்வை. மர்ஷூதா முக்காட்டைச் சரி செய்தாள்.

"அவர் இயக்கத்தோட வேலை செய்தவரா? மறைக்கத் தேவையில்ல. எங்களுக்கு உண்மை தெரிஞ்சாத்தான் உங்களுக்காகக் கதைக்கேலும்."

"இல்லை."

"அப்ப ஏன் போனார்?"

"தெரியேல்ல" எண்டாள் றோசலின்.

பதினாறு வருஷமா ஒரே கதையைச் சொன்னவள், தெரியேல்ல எண்டு சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு வசனம், மர்ஷூதா ஒரு வசனம் சொல்லியிருந்தாச் சரி. அவளுக்கா வாயில்லை? ஊர் உலகத்துக்கெல்லாம் இருந்த வாய் அந்த மாடியில மட்டும் திறக்கல்ல. அம்மாவும் லப்டொப் மனுஷரும் இங்கிலீசில என்னமோ குசுகுசுத்தாங்க. டெனிஷா தலையைக் குனிஞ்சாள். பிறகு மர்ஷூதாவக் கூப்பிட்டாங்க, மர்ஷூதா எழும்பிச் சொன்னாள், ஒரு நிமிஷம் அம்பத்தெட்டு செக்கன். கேட்டு முடிய அந்த அம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. வீட்டுக்கு வாறதுக்குள்ள டெனிஷா கோல் எடுத்து, "நீங்கதான் அன்ரி" எண்டாள்.

வென்றாச்சு. ரெண்டு கிழமை மர்ஷூதா தரையில நடக்கல்ல.

வீடியோ எடுக்க முதல் நாள் டெனிஷா திரும்பக் கோல் எடுத்தாள். "அன்ரி, ஒரு சின்ன விஷயம். இயக்கம் எண்ட சொல்லை விடட்டாம். இந்த முறைக் கூட்டம் அரசாங்கத்தைக் கேக்கிறதுக்குத்தானாம். இயக்கத்தை இழுத்தா மற்றப் பக்கம் அதையே பிடிச்சுக்கொண்டு தப்பிடுமாம். தொண்ணூறில வெளியேற்றப்பட்டம் எண்டு சொல்லிட்டு, முப்பத்தஞ்சு வருஷமாக் காணி திரும்பக் கிடைக்காததுக்கு வந்தீங்க எண்டாச் சரியாம்."

மர்ஷூதா போனைக் காதில வச்சபடி நிண்டாள். தானே படிப்பிச்ச பாடம் தன்ட வீட்டு வாசலில வந்து நிக்குது, என்னத்தைச் சொல்லி எதிர்க்கிறது. "ஓம் மகள்" எண்டாள். ஒரு நிமிஷம் நாப்பத்தஞ்சு செக்கனுக்குக் கதை இறங்கிட்டுது. ஆர் வெளியேத்தினது எண்டு இல்லை. மழை வந்து வெளியேத்தின மாதிரி இருந்துது.

புரட்டாதியில ஒரு பின்னேரம் மாதர் சங்கத்துப் பொம்பிளைகள் எல்லாம் மர்ஷூதா வீட்டில கூடி, போனை மேசையில நிமித்தி வச்சுப் பாத்தாங்க. றோசலினும் வந்திருந்தாள். அந்தப் பெரிய மண்டபத்தில பாதிக் கதிரை வெறுமையாக் கிடந்துது. முன்வரிசையில ஒருத்தர் தாள் அடுக்கினார். பெரிய திரையில மர்ஷூதாட முகம் வந்துது. எருக்கலம்பிட்டி எண்டு அவள்ட வாயாலயே சொன்னாள். அந்தப் பேர் அங்க விழுந்துது. தாள் அடுக்கினவர் அடுக்கிக்கொண்டே இருந்தார். அவளுக்குப் பிறகு எந்த நாட்டுக்காரியோ ஒருத்தி, மகன்ட படத்தோட வந்தாள். தாள்காரர் நிமிந்து பாத்தார். அந்த முன்பின் தெரியாதவளிலயும் மர்ஷூதாவுக்கு வயிறு எரிஞ்சுது.

சங்கத்துப் பொம்பிளைகள் மாஷா அல்லாஹ் எண்டாங்க. பதுர்தீன் மட்டும், "உங்களை ஆர் கலைச்சது எண்டு நீ சொல்லல்லயே" எண்டார்.

"அந்த நாட்டாருக்கு அது தேவையில்ல."

அவர் எழும்பி வலையை எடுத்துக்கொண்டு வெளிய போனார். றோசலின் போகக்குள்ள மர்ஷூதாட கையைப் பிடிச்சாள். "நல்லாச் சொன்னீங்கள் அக்கா. எனக்கு உப்பிடி வராது." அதில ஒரு குத்தலும் இல்லை. ஏசியிருந்தா மர்ஷூதா நித்திரை கொண்டிருப்பாள்.

அதோட அந்தப் பேச்சு அடங்கிட்டுது. எந்தக் காணியும் திரும்பி வரல்ல, எந்த ஜீப்பும் கேற்றடியில நிக்கல்ல. றோசலின்ட ஒழுங்கைக்கும் ஒருத்தரும் போகல்ல. மர்ஷூதா தினமும் பாத்தாள், போகல்ல எண்டு நிச்சயமாத் தெரிஞ்ச பிறகும் பாத்தாள்.

இந்தத் தை மாசம் ஒரு காலமை, புள்ளிவிவரம் எடுக்கிற ஒரு பிள்ளை விரலால தொட்டு எழுதுற டெப் ஒண்டோட வந்துது. எந்த அமைப்பு எண்டு சொன்னது, மர்ஷூதாவுக்கு மனசில நிக்கல்ல. றோசலின் இடியப்பம் வாங்க வந்து நிண்டாள். அந்தப் பிள்ளை, போர்க் காலத்தில பாதிக்கப்பட்டவங்களா எண்டு கேட்டு, றோசலினிட்டயே தொடங்கினது.

றோசலின் நல்லாச் சொன்னாள். தடக்கல்ல. பேர், ஊர், கடந்து வந்த நாள், புருஷன்ட பேர், பஸ்ஸில ஏத்தினதைக் கண்டவள்ட பேர். எங்க நிப்பாட்டணுமோ அங்க நிப்பாட்டினாள், கேக்கிறவள்ட கண்ணைப் பாத்துச் சொன்னாள். மர்ஷூதா இடியப்பத்தை இலையில எடுத்து வச்சுக்கொண்டே கேட்டாள். எல்லாம் அவள்ட கைவேலைதான்.

"அவர் ஏன் திரும்பிப் போனவர் அன்ரி?"

"உடுப்புப் பை விட்டிட்டு வந்திட்டம். அதை எடுக்கப் போனவர்."

மர்ஷூதாட கை நிண்டுது.

"பிள்ளைகள் எத்தினை?"

"ஒண்டு. ஆம்பிளைப் பிள்ளை. சிலாபத்தில வேலை செய்யிறான்."

"ரெண்டு" எண்டாள் மர்ஷூதா. குரல் அவளுக்கே அந்நியமா இருந்துது. "ரெண்டு பிள்ளை, மகள். மூத்தது பொம்பிளைப் பிள்ளை. சுஜி. இயக்கம் பிடிச்சுக்கொண்டு போன பிள்ளை. அதைத் தேடித்தான் தேப்பன் போனார். ரெண்டு எண்டு எழுதுங்க."

அந்தப் பிள்ளை விரலைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்துது. றோசலின் மர்ஷூதாவப் பாக்கவே இல்லை. இடியப்பப் பார்சலை எடுத்து மடியில வச்சாள்.

"அக்கா வேற ஆரையோ நினைச்சுச் சொல்லுறா, தங்கச்சி" எண்டாள். "எனக்கு ஒண்டுதான்."

அந்தப் பிள்ளை ஒண்டு எண்டு பதிஞ்சுது.